மரியதாஸ் மாட்டாத ஆயில் சீல்

ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் போனில் ஒவ்வொருவருக்கும் அவரவர் படத்தை என் மகள் போட்டு வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தால் தாஸின் படம். கையில் ஸ்பானரோடு, வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம். "சொல்லு தாஸு" என்றேன். அந்தப் பக்கம் பேசியது அவர் மனைவி ஸ்டெல்லா. "அண்ணா, விடிய அஞ்சு மணிக்கு அவரு இறந்துட்டாருண்ணா. மதியம் வீட்டுக்குக் கொண்டாந்துடுவாங்க" என்றது. எனக்குப் பின்னால் நின்றவர் முன்னால் நகரச் சொன்னார். நகர்ந்தேன். அரிசியும் பருப்பும் வாங்கினேன், விரல் ரேகை வைத்தேன், பையைக் கட்டினேன். வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் செய்தி எனக்குள் இறங்கியது. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

மரியதாஸுக்கு நம் மெக்கானிக்குகள் சங்கத்தில் நினைவு மலர் போடுகிறார்கள், முப்பது வருஷம் கூட இருந்தவர் நீங்கள், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இதைப் படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் அவரை அறிந்தவர்கள். ஆம்பூர் பைபாஸில் அவருடைய ஷெட்டில் வண்டி விட்டவர்கள், அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள். அவர் நல்லவர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஐந்தாறு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு லாரி ஓனர் சொன்னார்: "தங்கமான ஆளு. அந்த ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணுலதான் பேரு கெட்டுப்போச்சு. பாவம், ஒருத்தன் கால் போச்சே." மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியது. பெட்டி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, நான் வெளியே நின்று தலையாட்டுகிறேன்.

அந்த வண்டியின் கியர் பாக்ஸுக்குள் இருந்த சீலை மரியதாஸ் மாட்டவில்லை. நான்தான் மாட்டினேன். அதிலும் அது சீலே இல்லை. பதினோரு வருஷமாக இந்த ஊர் அவர் தலையில் வைத்திருக்கிற அந்தக் கெட்ட பெயர் என்னுடையது. இந்த மலரில் யாராவது அவரைப் புகழ்ந்து எழுதிவிட்டு, கடைசியில் ஒரு "ஆனால்" போடுவதற்கு முன்னால் நான் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே தோலால்தான். பதிமூன்று வயதில் நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலைக்குப் போனவன். நாற்பது தாண்டியபோது அந்த ஷாப்பை மூடிவிட்டார்கள். அப்புறம் வீட்டு வாசலில் உட்கார்ந்து தோல் வாஷர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடி பம்புக்கு, ஸ்டவ்வுக்கு, லாரி ஜாக்கிக்கு. நம் ஊரில் எது ஒழுகினாலும் முதலில் ஒரு தோல் துண்டைத்தான் தேடுவார்கள், உங்களுக்கே தெரியும். தாஸ் ஒரு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அளவெடுக்காமல், கண்பார்வையிலேயே வளையம் வெட்டிக் கொடுத்தேன். அதை ஜாக்கியில் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாணா, கண்ணுக்குள்ள காம்பஸ் வச்சிருக்கியா?" என்றார். மறுநாளே ஷெட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கம்மி. சென்னைத் துறைமுகத்தில் பெரிய டிரெய்லர் வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பிரித்துப் பழகிவிட்டு வந்தவர். அந்த வேலை தெரிந்த ஆள் வேலூர் வரைக்கும் அப்போது வேறு யாரும் இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வேலை தொடங்கும் முன்னால் அவர் அந்த வண்டியின் புத்தகத்தைத் திறந்து வாய்விட்டுப் படிப்பார். இங்கிலீஷில் இருப்பதை நம் பேச்சில் சொல்லிக்கொண்டே போவார். நான் கண்ணை மூடிக் கேட்பேன். ஒருமுறை கேட்டால் போதும். எந்த போல்ட் நீளம், எது குட்டை, எந்தத் தட்டுக்கு மேல் எந்தத் தட்டு என்று பத்து நாள் கழித்துக் கேட்டாலும் சொல்வேன். புதிதாக வருகிற டிரைவர்களிடம் என்னைக் காட்டி, "நான் படிக்கிறதோட சரி. எழுதி வச்சிருக்கிறது இவரு தலையிலதான்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஆளை ஷெட்டில் ஒருவரும் கேலி பேசாமல் இருந்ததற்கு அந்த ஒரு பேச்சுதான் காரணம். அதே ஞாபகம்தான் இன்று என்னைத் தூங்க விடுவதில்லை. எதையும் மறக்கத் தெரியாதவன் நான்.

அந்த வண்டி, தோல் மண்டிக்கு உப்பு ஏற்றுகிற ஒருவருடையது. துறைமுகம் பக்கத்தில் ஏலத்தில் எடுத்த வெளிநாட்டு லாரி. கிளட்ச் பெடல் கிடையாது. பேரணாம்பட்டு தாண்டி மலை ஏறி ஆந்திரா பக்கம் உப்பு மூட்டை கொண்டுபோகும். திரும்பும்போது பச்சைத்தோல் ஏற்றி வரும். ஓட்டியவர் ஏழுமலை, குடியாத்தம் பக்கத்து ஆள், அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியிலிருந்து இறங்கும்போதே கதை அளந்துகொண்டுதான் இறங்குவார். "எங்க ஓனரு என் இடது காலுக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டாருப்பா" என்று மற்ற டிரைவர்களை வெறுப்பேற்றுவார். "அப்போ அந்தக் கால வாடகைக்கு வுடு" என்று ஒருத்தர் சொல்ல, ஷெட்டே சிரிக்கும்.

ஒருநாள் அந்த வண்டி இழுக்கவில்லை என்று கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. தாஸ் எண்ணெயை இறக்கி இரண்டு விரலில் தொட்டு மோந்து பார்த்தார். கருகிய வாசனை. "மத்த கியர் பாக்ஸ்லாம் பல்லால வேல செய்யும்ணா. இது எண்ணெயால யோசிக்கும். யோசிக்கிற இடத்துல எங்கியோ ஒழுகுது" என்றார். செயின் பிளாக் போட்டு கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தோம். அவர் சொன்னபடியேதான். முன்னோக்கி இழுக்கிற கிளட்சை எண்ணெயின் அழுத்தம்தான் ஒரு பிஸ்டனைத் தள்ளி அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல், உதடு மாதிரி மெல்லிய விளிம்போடு இருக்கும். அது வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. பிடிக்க வேண்டிய கிளட்ச் வழுக்கி, தட்டெல்லாம் கருகிவிட்டது. புதுத் தட்டுகளும் சீலும் வெளிநாட்டிலிருந்து வர இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இடத்துக்கு ஒரே ஒரு சீல்தான் வந்தது.

சாமான் வந்த மறுநாள் தாஸ் பாகாயத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவர் மகளின் காலேஜில் அப்பா வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். காலையில் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "தட்டெல்லாம் எண்ணெயில ஊறட்டும். பிஸ்டன நீயே உக்கார வச்சிடுணா. பிளாஸ்டிக் ஷீட்ட சுத்தி வுட்டு, உதட்ட உள்ள மடிச்சி, மெதுவா எறக்கு. புத்தகத்துல சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" இருக்கிறது என்றேன். இன்றைக்கும் இருக்கிறது. சீலுக்கு எண்ணெய் தடவ வேண்டும், உதடு உள்பக்கம் பார்க்க வேண்டும், சுற்றிலும் ஒரே சீராக இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அழுத்தக் கூடாது.

நான் அழுத்தினேன். ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் நின்றது. ஷீட்டை எடுத்து மறுபடி சுற்ற வேண்டும். அதற்குச் சோம்பல் என்று கூடச் சொல்ல முடியாது. முப்பது வருஷம் தோலை அழுத்தி அழுத்திப் பழகிய கை, கேட்காமல் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டது. விரல் நுனியில் ஒரு சின்னக் கடி மாதிரி உணர்ந்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் உதட்டில் ஒரு கீறல். நகக்கீறல் அளவுதான். வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

அந்த நேரத்தில் போனை எடுத்து, தாஸு, கிழிச்சிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இன்னும் இருபத்திரண்டு நாள் வண்டி நின்றிருக்கும். ஓனர் ஷெட்டில் வந்து கத்தியிருப்பார். தாஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பார். அவ்வளவுதான். ஆனால் அப்போது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. படித்தவன் செய்கிற வேலையை இவனிடம் விட்டால் இப்படித்தான் என்று ஷெட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தோன்றியது.

என் பெட்டியில் எருமைத்தோல் துண்டு இருந்தது. மரப்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல். வாஷருக்கு அதைப்போல விறைப்பாக வேறு எதுவும் நிற்காது. அந்த ரப்பரையே வைத்து அளவு பார்த்து வெட்டினேன். உதட்டைக் கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்கினேன். மெழுகும் கொழுப்பும் உருக்கி அதில் ஊற வைத்து, துணியால் துடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வளையம் நான் வெட்டியதில்லை. பிஸ்டன் பட்டுப்போல இறங்கியது. கிழிந்த சீலைக் கால்வாயில் போட்டேன்.

இதைப் படிக்கிற தோல் ஷாப்புக்காரர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்துகிற தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். சுருளாமல் நின்றால் தோல் சரி. பட்டைத்தோலை அப்படிப் போட்டுப் பார்ப்பதே இல்லை. போட்டால் சுருண்டு பாதியாகிவிடும், அது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். என் கையாலேயே ஆயிரம் தடவை அந்தச் சோதனை செய்திருக்கிறேன். மலை ஏறுகிற வண்டியில் அந்தப் பெட்டிக்குள் எண்ணெய் கொதிக்கிற தண்ணீர் அளவுக்குச் சூடாகும் என்று தாஸ் படித்துக் காட்டியதும் என் தலையில் இருந்தது. இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தன. அன்றைக்கு ஒன்று இன்னொன்றைத் தொடவில்லை.

மதியம் தாஸ் வந்தார். மகள் கொடுத்தனுப்பியது என்று சப்போட்டாப் பழம் கொண்டுவந்து, பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். பிஸ்டன் உட்கார்ந்திருந்த டிரம்மைப் பார்த்தார். "உதடு எங்கியும் மடங்கலியே?" என்று கேட்டார். "இல்ல தாஸு" என்றேன். ஏர் பைப்பை எடுத்து, எண்ணெய் போகிற துளையில் வைத்துக் காற்று விட்டார். பிஸ்டன் நன்றாக மாட்டியிருந்தால் உள்ளே ஒரு "தொப்" சத்தம் கேட்கும். கேட்டது. இரண்டு தடவை விட்டார். "நல்லா பேசுதுணா. என் கையில இவ்வளவு சுத்தமா எறங்காது" என்றார். பழம் என் வாயில் இருந்தது. அதை விழுங்கினேன்.

பைபாஸில் வேலூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். சமதரை, காலி வண்டி. அருமையாக இழுத்தது. ஏழுமலை ஹாரனை அடித்துக்கொண்டே போனார்.

நாலாம் நாள், முழு லோடு உப்போடு மலை ஏறும்போது ஒரு வளைவில் இழுவை போய்விட்டது. வண்டி பின்னால் உருண்டது. பிரேக் போடுவதற்குள் பின் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. தகவல் வந்து நானும் தாஸும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ரோடு முழுக்க உப்பு கொட்டி வெள்ளையாகக் கிடந்தது. எங்கிருந்தோ ஆடுகள் இறங்கி வந்து நக்கிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் உப்பு சிவப்பாக இருந்தது. அங்கேயும் ஒரு ஆடு போனது. தாஸ் கல்லை எடுத்து அதை விரட்டினார். அவர் ஒரு பிராணியை அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஏழுமலையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஓனரின் ஆட்கள் இரண்டு பேரை நிற்க வைத்துக்கொண்டு, அதே ஷெட்டில் கியர் பாக்ஸைப் பிரித்தோம். பிரித்தது தாஸ். நான் பக்கத்தில் துணியோடு நின்றேன். பிஸ்டனைத் தூக்கியதும் என் வளையம் கீழே விழுந்தது. பொரித்த வற்றல் மாதிரி சுருண்டு, பாதி அளவாகியிருந்தது. ஆட்கள் வாசல் பக்கம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். தாஸ் அதைப் பார்த்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர். அது என்ன, யார் வெட்டியது என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. என்னைப் பார்த்தார். அந்த வளையத்தைக் கையில் மூடிக்கொண்டார். ஆட்கள் திரும்பி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"சீல் மாட்டுறப்போ கிழிஞ்சிருக்குது. நான்தான் மாட்டினேன். என் தப்பு" என்றார்.

நான் அப்போது பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாம். இதை எழுதுகிற பிள்ளை மேல் அந்தப் பாரத்தை வைக்கமாட்டேன். கல்யாணம் இல்லாவிட்டாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். மனிதன் வாய் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. துணியை மடித்துக்கொண்டே நின்றால் போதும்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனி வண்டியும் ஷெட்டுக்கு வரவில்லை. தாஸும் அதற்கப்புறம் எந்த கியர் பாக்ஸையும் பிரிக்கவில்லை. பிரேக் லைனிங், கிரீஸ், ஸ்பிரிங் பட்டை மாற்றுவது, இவ்வளவுதான். துறைமுகத்தில் பெரிய பெரிய வண்டிகளைப் பிரித்த கை. புத்தகம் படிக்கிற வழக்கமும் நின்றுபோனது. டீக்கடையில் டிரைவர்கள் ஒரு பேச்சு கட்டினார்கள்: "தாஸண்ணன் ஷெட்டா? போறப்போ ரெண்டு காலு, வர்றப்போ ஒண்ணுதான்." அவர் காதுபட ஒருநாள் சொன்னார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் சத்தமும் இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால், அதுவும் ஒரு பொய்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்ததும் அவர் ஏழுமலை வீட்டுக்குப் போவார். முதல் வருஷம் வாசலில் நிற்க வைத்தே திட்டி அனுப்புவார்கள். என்னையும் ஒருதடவை கூட்டிப்போனார். நான் பைக்கை நிறுத்தி, தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். ஏழுமலை திட்டியது அங்கே வரை கேட்டது. அம்மா, பெண்டாட்டி, பிள்ளை, சாமி என்று ஒன்றையும் விடவில்லை. தாஸ் கையைக் கட்டிக்கொண்டு முடியும்வரை கேட்டார். பிறகு, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த லுங்கித் தறியின் மோட்டார் சத்தம் சரியில்லையே, பெல்ட் லூஸா என்று கேட்டார். உள்ளே போய்ச் சரி செய்துவிட்டு வந்தார். பத்து வருஷம் அந்தத் தறியைப் பார்த்துக்கொண்டார். ஏழுமலை திட்டுவதும் நிற்கவில்லை.

தாஸ் என்னிடம் அந்த விஷயத்தைப் பேசியது ஒரே ஒருமுறை. ஆறேழு வருஷம் போயிருக்கும். காலை பதினொரு மணி, ஒரு வேனுக்கு லைனிங் அடித்துக்கொண்டிருந்தோம். டீ வந்தது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், வானிலை பேசுகிற மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு நான் பாகாயத்துலேர்ந்து வந்தப்போ சொல்லியிருந்தா, திருப்பிக் கழட்டியிருப்பேன்ணா. அர நாள் வேல."

அவ்வளவுதான். நான், "டீ ஆறுது தாஸு, குடி" என்றேன். அவர் குடித்தார். ரிவெட்டை எடுத்துக் கொடுத்தேன். அடித்தார்.

கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஏன் எனக்காகப் பழியை எடுத்துக்கொண்டார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உன்னிடம் விட்டுப் போனது நான், அதனால் அது என் வேலைதான் என்று நினைத்திருக்கலாம். ஷெட்டில் நடப்பதற்கெல்லாம் அவரே பொறுப்பு என்பது அவர் பேச்சு. ஆனால் நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டுமானால் முதலில் நான் சொல்ல வேண்டும். போன மாதம் அவர் வேலூரில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். மூக்கில் டியூப். சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். கட்டில் பக்கத்தில் அரை மணி உட்கார்ந்திருந்தேன். மழை உண்டா, ஷெட்டில் தகரம் ஒழுகுதா என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஒழுகவில்லை என்றேன். அதுவும் பொய். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

இது அச்சில் வருவதற்கு முன்னால் இரண்டு பேரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் ஸ்டெல்லாவிடம் போனேன். தாஸ் போய்ப் பதினெட்டாம் நாள். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்கவில்லை, கல்லைப் பொறுக்கிக்கொண்டே கேட்டது. முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. அன்னிக்கே தெரியும்."

"அப்போ எனக்குத்தான் தெரியல" என்றது. "ஊர்ப் பேச்சுக்காகப் படிச்ச வேலைய விட்டாரேன்னு நானும் அவர எவ்வளவு பேசியிருக்கேன் தெரியுமா. கை விளங்காதவன்னு கூடச் சொல்லியிருக்கேன். சாப்பிட்டுக்கினே கேட்டுக்குவாரு" என்றது. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் வாசலில் இருந்தேன். மறுபடி வரவில்லை. என்னைப் போ என்றும் சொல்லவில்லை.

மறுநாள் குடியாத்தம் பஸ் ஏறினேன். ஏழுமலை தறிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நூல் இழை முடிந்துகொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்தது. "தாஸு போய்ட்டாராமே. கேள்விப்பட்டேன். வரல" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். தோல், கத்தி, மெழுகு, பொய், எல்லாம். அவர் மோட்டாரை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பதினோரு வருஷம் அந்த ஆள நான் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி பேசினேன்யா" என்றார். "போன தீபாவளிக்குக் கூட. இங்கியே நின்னு கேட்டுக்கினு, பெல்ட்ட மாத்திட்டுப் போனாரு. இப்போ வந்து சொல்றியே பெரியவரே. அத்தன பேச்சையும் நான் இன்னா பண்றது? யார்கிட்ட போயி திருப்பி வாங்கிக்கிறது?"

என்னைத் திட்டுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னத் திட்ட எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார். "எல்லாம் அவருக்கே போயிடுச்சு." மோட்டாரைப் போட்டுவிட்டார். தறிச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை.

சங்கத்துப் பெரியவர்களே, தோழர்களே, அவரிடமிருந்து நீங்கள் எதை வைத்துக்கொள்வது என்று மலரில் எழுதுவீர்கள். அவர் வேலை, அவர் பொறுமை, அவர் சிரிப்பு, எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கெட்ட பெயரை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள். கல்லறை வாசலில் பேசியவரும், டீக்கடையில் பேசுகிறவர்களும், இனி அந்த வண்டியைப் பற்றிப் பேசினால் முனிசாமி என்று என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மரியதாஸ் அதைச் சுமக்கத் தெரிந்தவர். எனக்குத் தெரியாது. எழுபத்து நாலு வயதில் இனிமேல்தான் பழக வேண்டும். எனக்கென்று அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான்.